பனியாறு வகுத்த கரையும் பேராசிரியர் லூயி அகாசியும்

மலையினின்று உருண்டு வரும் கல், ஆற்றின் போக்கில் தேய்ந்து சிறுத்து, மணலாகிக் கடலை அடையும் என்பது எவரும் அறிந்ததே. ஆயின் இவ்வெளிய உண்மையைக் கொண்டு ஒரு பெருநாட்டின் நிலவரலாற்றையே கணித்துக் காட்டியவர் அறிஞர் அல்பிரூனி ஆவார். கி.பி. 1030-ஆம் ஆண்டளவில் இந்திய நாட்டைப் பற்றி அவர் அரபு மொழியில் யாத்த பெருநூலில், வட இந்தியச் சமவெளியை அகழ்ந்தால் மலையடிவாரத்தில் பெரிய உருண்டைக் கற்களும், மலையை விட்டு விலக விலகச் சிறிய கற்களும், ஆறுகள் ஓட்டம் தளர்ந்து கடலை நெருங்கும் இடத்தில் மணலும் கிடைப்பதைச் சுட்டினார். இச்சமவெளி ஒரு காலத்தில் கடலாக இருந்து, ஆறுகள் கொணர்ந்த வண்டலால் தூர்ந்து நிலமாயிற்று என்றும் முடிவு கூறினார். அவர் காலத்தவரான இப்னு சீனாவும், நீரும் காற்றும் மென்மையான பகுதிகளை அரித்துச் செல்ல, வன்மையான பகுதிகள் மலைகளாக எஞ்சும் முறையைத் தம் நூலில் விளக்கியுள்ளார். நிலத்தின் உருவம் நெடுங்காலச் செயலின் விளைவு என்னும் கருத்துக்கு நம் முன்னோர் இட்ட கால்கோள் இது.

நீர், கற்களைத் தரம் பிரிக்கும். பெரியதை முதலில் இறக்கும். சிறியதை நெடுந்தொலைவு சுமக்கும். இதுவே அல்பிரூனி கண்ட விதி. எண்ணூறு ஆண்டுகள் கழித்து ஐரோப்பிய அறிஞர்களை உறங்கவிடாது அலைக்கழித்தவை, இந்த விதிக்குக் கட்டுப்படாத கற்களாகும். சுவிட்சர்லாந்து நாட்டின் ஜூரா மலைத்தொடர் சுண்ணாம்புக் கல்லால் ஆனது. அதன் சரிவுகளில், அங்குப் பிறவாத கருங்கற் பாறைகள் வீடளவு பருமனில் கிடந்தன. அவற்றின் தாயகம் பல மைல்களுக்கு அப்பால், பெரும் பள்ளத்தாக்கையும் ஏரிகளையும் கடந்து நிற்கும் ஆல்ப்ஸ் மலை. அவை உருண்டு தேயவுமில்லை. முனைகள் கூர்மையாகவே இருந்தன. நூஹ் நபி (அலை) அவர்கள் காலத்துப் பெருவெள்ளம் அவற்றை எறிந்தது என்றனர் சிலர். கடலில் மிதந்த பனிக்கட்டிகள் சுமந்து வந்து இறக்கின என்றனர் வேறு சிலர். இப்புதிருக்கு விடையை உலகின் முன் நிறுத்தி, அதன் பொருட்டுப் புகழையும் பகையையும் ஒருங்கே ஈட்டியவர் லூயி அகாசி. அவருடைய வாழ்வு வியந்து போற்றற்குரிய பகுதிகளை உடையது. கடிந்து ஒதுக்கற்குரிய பகுதி ஒன்றும் அதில் உண்டு. இரண்டையும் உள்ளவாறே கூறுவது இக்கட்டுரையின் நோக்கம்.

மீன்களிலிருந்து தொடக்கம்

சுவிட்சர்லாந்தில் முர்ட்டன் ஏரிக்கரையில் உள்ள மோத்தியே என்னும் சிற்றூரில், 1807-ஆம் ஆண்டு மே மாதம் 28-ஆம் நாள் அகாசி பிறந்தார். தந்தையார் கிறித்தவ மறைப்பணியாளர். தாயார் ரோஸ் மாயோர் ஒரு மருத்துவரின் மகள். ஏரியில் மீன் பிடித்து வளர்ந்த சிறுவனுக்கு மீன்களே முதற் பாடநூலாயின. பெற்றோர் அவரை மருத்துவராக்க விரும்பினர். சூரிச், ஹைடல்பர்க், மியூனிக் ஆகிய நகரங்களில் பயின்று 1829-இல் தத்துவத்திலும் 1830-இல் மருத்துவத்திலும் பட்டம் பெற்றார். மருத்துவப் பட்டம் பெற்றோருக்காக. மனம் முழுதும் இயற்கை நூலிலேயே தோய்ந்து கிடந்தது. மாணவராக இருந்தபோதே பிரேசில் நாட்டு மீன்களை வகைப்படுத்தி ஒரு நூல் வெளியிட்டார் என்றால் அவருடைய விரைவை ஒருவாறு உணரலாம்.

1831-இல் பாரிஸ் சென்று, அந்நாளில் உடற்கூற்றியலின் தலைமகனாக விளங்கிய கூவியேயிடம் பயின்றார். தாம் தொகுத்து வைத்திருந்த புதைபடிவ மீன்கள் பற்றிய குறிப்புகளைக் கூவியே இந்த இளைஞரிடம் ஒப்படைத்தார். சில மாதங்களில் காலமானார். பாரிசில் பழக்கமான மற்றொரு பெருமகனாகிய ஹம்போல்ட்டின் துணையால், 1832-இல் நியூஷாத்தெல் நகரில் அகாசிக்குப் பேராசிரியர் பதவி கிடைத்தது. 1833 முதல் 1843 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்த புதைபடிவ மீன் ஆராய்ச்சி, ஏறத்தாழ 1,700 இனங்களை விளக்கியது. செதில்களின் அமைப்பைக் கொண்டு மீன்களைப் பிரித்த முறை அவருடையது. 1836-இல் இலண்டன் புவியியல் கழகம் வொல்லாஸ்டன் பதக்கம் அளித்துச் சிறப்பித்தது. அப்போது அவருக்கு வயது முப்பதுகூட நிரம்பவில்லை. இத்துடன் நின்றிருந்தாலும் துறையறிந்தோர் அவர் பெயரை மறந்திரார்.

மலைமக்கள் அறிந்தது

பனிமலைப் பள்ளத்தாக்குகளில் வாழ்ந்த எளிய மக்கள், கற்றோருக்கு முன்பே இப்புதிரின் விடையை அறிந்திருந்தனர். பாஞ் பள்ளத்தாக்கைச் சேர்ந்த ழான் பியேர் பெரோதேன் என்பவர் வரையாடு போன்ற ஷாமுவா மானை வேட்டையாடி வாழ்ந்தவர். பள்ளத்தாக்கின் பாறைகளில் காணும் கீறல்களையும் உயரத்தில் கிடக்கும் அயற்கற்களையும் கண்டு, இன்று மலையுச்சியில் ஒடுங்கிக் கிடக்கும் பனியாறு முன்னொரு காலத்தில் பள்ளத்தாக்கு முழுவதும் நிறைந்திருக்க வேண்டும் என்று அவர் உய்த்துணர்ந்தார். 1815-இல் இதனைச் சுரங்க அதிகாரி ஷார்ப்பாந்தியேயிடம் எடுத்துரைத்தபோது, அவர் இதை வீண் கற்பனையெனத் தள்ளினார். பெரோதேன் சோர்வுறவில்லை, பொறியாளர் வெனெட்சிடம் உரைத்தார். வெனெட்ஸ் பல்லாண்டு நேரில் ஆராய்ந்து உண்மையென உணர்ந்து, ஷார்ப்பாந்தியேயையும் ஏற்கச் செய்தார். பின்னர் 1834-இல், தம் கருத்தை அறிஞர் அவையில் படைக்க ஷார்ப்பாந்தியே சென்ற வழியில், மரம் வெட்டும் ஒருவரைக் கண்டார். சாலையோரத்துக் கருங்கல்லைக் காட்டி, அதனைக் கிரிம்செல் பனியாறு கொணர்ந்தது என்று அவர் தாமாகவே கூறக் கேட்டு வியந்தார். ஏட்டுக் கல்வி இல்லாதார் கண்டதை ஏடறிந்தோர் ஏற்க இருபது ஆண்டுகள் ஆயின. மாணாக்கர் இதனை மனத்திற் கொள்ளுதல் நன்று.

அகாசியும் முதலில் இதனை ஏற்காதவரே. நண்பரின் தவற்றைத் திருத்தும் எண்ணத்துடன் 1836-ஆம் ஆண்டுக் கோடையில் பெக்ஸ் நகருக்குச் சென்றார். ஷார்ப்பாந்தியே காட்டிய இடங்களைக் கண்டு கருத்து மாறித் திரும்பினார். மாறியதோடு அமையவில்லை, நண்பரையும் விஞ்சினார். ஷார்ப்பாந்தியே ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகளைப் பற்றி மட்டும் பேசினார். அகாசியோ ஐரோப்பாவின் வடபகுதி முழுவதும் ஒரு பெரும் பனிப்போர்வையின் கீழ் கிடந்தது என்றார். 1837-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் நாள் நியூஷாத்தெலில் கூடிய சுவிஸ் இயற்கை அறிவியல் கழகத்தில், தலைமையுரையில் மீன்களைப் பற்றிப் பேசுவார் என எதிர்பார்த்திருந்த அவையோர் முன் அவர் பனியூழியைப் பற்றிப் பேசினார். அவை கொதித்தது. ஹம்போல்ட் கூட, பனியை விட்டுவிட்டு மீன்களுக்கே திரும்புமாறு அன்புடன் அறிவுரை வரைந்தார்.

பனியூழி என்னும் சொல்லே அகாசியின் நண்பர் கார்ல் ஷிம்பர் ஆக்கியது. 1840-இல் அகாசி பனியாறுகள் பற்றிய நூலை வெளியிட்டபோது ஷிம்பரின் பெயர் உரியவாறு இடம்பெறவில்லை, நட்பு முறிந்தது. நூலை வெனெட்சுக்கும் ஷார்ப்பாந்தியேக்கும் உரிமையாக்கினார் என்பது உண்மை. ஆயினும் ஷார்ப்பாந்தியேயின் நூல் 1841-இல் வெளிவருமுன் தம் நூலை முந்திக் கொணர்ந்தார் என்னும் மனத்தாங்கல் நின்றது. பிறர் கண்ட உண்மையை உலகறியச் செய்வதும் ஒரு தொண்டே. ஆனால் கண்டவர் பெயரை மறைப்பது தொண்டாகாது.

பனியாற்றின் மேல் ஒரு குடில்

பனியாறு எவ்வாறு தொழிற்படுகிறது? ஆண்டுதோறும் பெய்யும் பனி உருகாது எஞ்சி, அடுக்கடுக்காய் அழுந்தி, திண்ணிய பனிக்கட்டியாகிறது. பருமன் மிகுந்ததும் தன் எடையாலேயே அது மெல்ல இழிந்து ஒழுகத் தொடங்குகிறது. அடியில் உறைந்து பற்றிய கற்கள் அரத்தின் பற்கள் போன்று கீழுள்ள பாறையைக் கீறுகின்றன. கற்பொடியோ அப்பாறையை மெருகிடுகிறது. மேலும் உள்ளும் சுமந்து வரும் கல்லையும் மண்ணையும் முனையில் உருகுமிடத்தில் இறக்குகிறது. பனி முன்னேறும் அளவும் உருகும் அளவும் சமமாக இருக்கும் வரை அம்முனை ஓரிடத்தில் நிற்கும். இடைவிடாது வந்து சேரும் சுமை அங்கே கரையாகக் குவியும். இக்குவியலே மொரைன் எனப்படுவது. ஆற்றைப் போல் பனி தரம் பிரிப்பதில்லை. யானையளவு பாறையும் மாவு போன்ற களியும் ஒரே குவியலில் கிடக்கும். அல்பிரூனியின் விதிக்கு அடங்காத கற்களின் மறைபொருள் இதுதான்.

இவற்றை நேரில் அளந்தறிய அகாசி ஆர் பனியாற்றின் மேலேயே குடியேறினார். 1840-இல், பனியின் மேல் கிடந்த பெரும்பாறை ஒன்றின் நிழலில் சுவர் எழுப்பிக் குடிலாக்கினர். நியூஷாத்தெலார் விடுதி என்று அதற்கு வேடிக்கையாகப் பெயரிட்டனர். 1827-இல் ஹூகி என்பார் இப்பனியாற்றின் மேல் கட்டிய குடில், 1841-க்குள் ஆயிரம் மீட்டருக்கும் மேலாகக் கீழே நகர்ந்திருந்தது. பனியாற்றின் குறுக்கே நேர்கோட்டில் கழிகள் நட்டு ஆண்டுக்காண்டு அளந்ததில், நடுப்பகுதி விரைந்தும் ஓரங்கள் பிந்தியும் செல்வது புலனாயிற்று. ஒரு முறை பனியில் நீர் துளைத்த ஆழ்ந்த கிணற்றுக்குள் கயிற்றில் தொங்கி இறங்கினார். நூறடிக்கும் மேலாகச் சென்றபின் உறைகுளிர் நீரில் கால் அமிழ்ந்தது; மேலிருந்தோர் பெருமுயற்சியுடன் தூக்கிக் காத்தனர்.

1840-இல் ஸ்காட்லாந்து சென்று, பக்லண்ட் என்னும் அறிஞருடன் மலைநாடு சுற்றினார். அங்குக் கிளென் ராய் என்னும் பள்ளத்தாக்கின் இருமருங்கும் சாலை போன்ற மூன்று கிடைக்கோடுகள் சம உயரத்தில் ஓடுகின்றன. பழங்கால வீரர்களின் வேட்டைச் சாலைகள் என்பர் அவ்வூரார். கடல் ஒதுங்கிய கரைகள் என்று 1839-இல் கட்டுரை வரைந்தார் இளைஞர் டார்வின். பனியாறு பள்ளத்தாக்கின் வாயை அடைத்ததால் தேங்கிய ஏரியின் கரைகள் இவை என்றார் அகாசி. இருபது ஆண்டுகளுக்குப் பின் டார்வின் தம் கருத்தைக் கைவிட்டு இதனை ஒப்புக்கொண்டார். அகாசியின் கொள்கையைக் கேட்ட சார்லஸ் மக்ளாரன் என்னும் ஸ்காட்லாந்து இதழாசிரியர் 1841-இல் ஒரு நுட்பமான வினாவை எழுப்பினார். அத்துணைப் பனிக்கும் நீர் எங்கிருந்து வந்தது? கடலிலிருந்துதானே! அங்ஙனமாயின் அந்நாளில் உலகின் கடல்மட்டமே முந்நூறு அடிக்கு மேல் தாழ்ந்திருக்க வேண்டும் எனக் கணித்தார். இன்றைய ஆய்வுகள் ஏறத்தாழ 120 மீட்டர் என்கின்றன. மக்ளாரனின் கணக்கு வியக்கத்தக்க வகையில் அதனை அணுகியிருக்கிறது. அந்நாளில் ஆழம் குறைந்த நம் பாக் நீரிணையும் தரையாகவே கிடந்தது. இந்தியாவும் இலங்கையும் ஒரே நிலம். நம் இலக்கியம் கூறும் கடல்கோள்களை உடனே இதனோடு முடிச்சிடுவோர் உளர். பனி உருகிக் கடல் உயர்ந்தது பல்லாயிரம் ஆண்டுகளில் நிகழ்ந்ததாகலின் அவ்வவசரம் வேண்டா.

அட்லாண்டிக் கரையில்

நூல்களை அச்சிடத் தாமே கல்லச்சகம் நடத்திய அகாசி கடனில் மூழ்கினார். இல்லறமும் இடர்ப்பட்டது. அழகுற ஓவியம் வரைந்து கணவரின் நூல்களுக்கு உதவிய மனைவி செசில் பிரௌன், 1845-இல் பிறந்தகம் திரும்பினார். 1848-இல் நோயுற்று மறைந்தார். பிரஷ்ய மன்னர் அளித்த பொருளுதவியுடன் 1846-இல் அகாசி அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். வழியில் கனடாவின் ஹாலிபாக்ஸ் துறைமுகத்தில் கப்பல் நின்றதும் கரையிறங்கி மேட்டை நோக்கி விரைந்தார். அங்கே பாறைகள் மெருகேறிக் கீறலுற்றுக் கிடந்தன. ஆல்ப்சில் படித்த அதே எழுத்து! தம் கொள்கைக்கு ஒரு கண்டமே சான்றாக நிற்பதை அவர் அக்கணமே உணர்ந்தார்.

பாஸ்டன் நகரில் அவர் ஆற்றிய லோவல் சொற்பொழிவுகளுக்கு மக்கள் திரண்டனர். 1847-இல் ஹார்வார்டு பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக ஏற்றது. 1848-இல் சுப்பீரியர் ஏரியையும், 1864-இல் மெய்ன் மாநிலத்தையும் சுற்றிப் பனியின் தடங்களைத் தேடினார். 1850-இல் அவர் மணந்த எலிசபெத் கேரி, கணவரின் எழுத்துக்குத் துணை நின்றதோடு, பிற்காலத்தில் மகளிர்க்கான ராட்கிளிஃப் கல்லூரியின் முதல் தலைவரும் ஆனார். வால்டன் குளக்கரையில் வாழ்ந்த தோரோ, அங்குப் பிடித்த மீன்களையும் ஆமைகளையும் 1847-இல் அகாசிக்கு அனுப்பி வைத்தார். அந்த வால்டன் குளமே பனியாறு விட்டுச் சென்றதுதான்.

நியூ இங்கிலாந்துக் கடற்கரையின் தோற்றம், அகாசியின் கொள்கைக்கு எழுதப்பட்ட விரிவுரை போன்றது. இன்றைய புவியியலார் கூறும் வரலாறு வருமாறு: கனடாவை மூடியிருந்த லாரன்டைடு பனிப்போர்வை ஏறத்தாழ 25,000 ஆண்டுகளுக்கு முன் தன் தென்னெல்லையை அடைந்தது. அது நின்ற எல்லைதான் இன்றைய நான்டக்கட், மார்த்தாஸ் வினியார்டு என்னும் தீவுகள். பனி சுமந்து வந்த மண்ணும் கல்லும் குவிந்த மேடுகளே அவற்றின் முதுகெலும்பு. பின்னர்ப் பனி பின்வாங்கி மீண்டும் தயங்கி நின்ற இடத்தில் எலிசபெத் தீவுகளும், கேப் காட் முனையின் மேட்டு நிலமும் உருவாயின. முழங்கை மடக்கி முட்டி உயர்த்திய கரம் போன்று கடலுக்குள் நீண்டு கிடப்பது கேப் காட். அதன் மேற்பரப்பில் அடிப்பாறை எங்கும் தலைகாட்டுவதில்லை. மணலும் களியும் பரலும் பனி விட்டுச்சென்ற பாறைகளுமே அதன் உடல். பனிமுனையில் உருகிய நீர் ஓடைகளாய்ப் பிரிந்து மணலைப் பரப்பியதால் சமவெளிகள் தோன்றின. அம்மணலுள் புதையுண்ட பனிப்பாளங்கள் பின்னாளில் உருகவே, மேல்மண் உள்வாங்கிக் குழிகளாகி நீர் நிறைந்தது. கேப் காட்டின் நூற்றுக்கணக்கான குளங்கள் இவ்வாறு பிறந்தவை. பாஸ்டன் துறைமுகத்துத் தீவுகள் பல, பனி தன் அடியில் நீளுருண்டையாய்ப் பிடித்து வைத்த டிரம்லின் குன்றுகள். உயர்ந்த கடல் அவற்றின் இடைநிலத்தை விழுங்க, முதுகுகள் மட்டும் தீவுகளாய் நிற்கின்றன. வடக்கே மெய்ன் கரையிலோ மண் குவியல் குறைவு; பனி செதுக்கிய கருங்கல்லும், கடல் புகுந்த பள்ளத்தாக்குகளுமே மிகுதி.

பனி ஆக்கிக் கொடுத்ததைக் கடல் அப்படியே வைத்திருக்கவில்லை. கேப் காட்டின் வெளிக்கரையிலுள்ள மணல் செங்குத்துகளை அட்லாண்டிக் அலைகள் சராசரியாக ஆண்டுக்கு மூன்றடி வீதம் அரித்து வருகின்றன. அரித்த மணலைக் கரையோர நீரோட்டம் வடக்கும் தெற்குமாகக் கொண்டு செல்கிறது. வடமுனையில் பிராவின்ஸ்டவுன் நகரம் அமைந்துள்ள நிலம் பனி இட்டதன்று. கடந்த ஆறாயிரம் ஆண்டுகளில் கடல் தானே கொண்டு சேர்த்த மணல். 1797-இல் ஹைலேண்டு கலங்கரை விளக்கம் நிறுவப்பட்டபோது செங்குத்தின் விளிம்பு 500 அடிக்கு மேல் தள்ளியிருந்தது. 1990-களின் தொடக்கத்தில் அது நூறடி அளவிற்குச் சுருங்கிவிட்டது. 1996-இல் 1857-ஆம் ஆண்டுக் கோபுரத்தை முழுதாகப் பெயர்த்து 450 அடி உள்ளே நகர்த்தி வைத்தனர். இன்று கடல்மட்டம் மீண்டும் உயர்ந்து வருவதால் இவ்வரிப்பு ஓயும் என்று கூறுவார் எவருமிலர்.

இவ்வளவையும் அகாசியே கண்டார் என்று கருதற்க. கேப் காட் மொரைன்களை முறையாக வரைந்து காட்டியவர் வாரன் அப்ஹாம். அது 1879-இல், அகாசி மறைந்தபின். பனியூழி ஒன்றே, அதுவும் திடீரென வந்து உயிர்களையெல்லாம் அழித்தது என்று அகாசி நம்பினார். அதுவும் பிழை, பனி பல முறை வளர்ந்தும் ஒடுங்கியும் சென்றது. தம் கொள்கையின் மேல் கொண்ட பற்று அவரைப் பிரேசில் வரை இழுத்துச் சென்றது. 1865-இல் அங்குப் பயணம் செய்து, அமேசான் படுகையையும் பனி மூடியிருந்தது என்று அறிவித்தார். வெப்பநாட்டு மழையில் பாறை உளுத்துச் சிவந்த மண்ணைப் பனியின் படிவெனக் கொண்டார். ஆல்ப்சில் கண்களை நம்பியவர், அமேசானில் கொள்கையை நம்பினார்.

மனிதரை அளந்த கை

இனிக் கூற வேண்டுவது கசப்பானது. அமெரிக்கா வந்த 1846-ஆம் ஆண்டிலேயே, பிலடெல்பியா நகர விடுதியில் பணிபுரிந்த கறுப்பின மக்களைக் கண்டு தமக்கு ஏற்பட்ட அருவருப்பை அகாசி தம் தாயாருக்கு எழுதினார். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மூலத்தினின்று தோன்றியவர் அல்லர், வெவ்வேறாகப் படைக்கப்பட்டவர் என்னும் கொள்கையை 1850-இல் கட்டுரை வாயிலாகவே வெளியிட்டார். அதே ஆண்டு தென் கரோலினாவின் கொலம்பியா நகரில், தோட்டங்களில் அடிமைப்பட்டிருந்த மக்களை அவருக்காகத் தேர்ந்து, ஸீலி என்னும் நிழற்படக்காரரிடம் ஆடை களைந்து நிறுத்திப் படமெடுத்தனர். ரென்ட்டி என்ற முதியவர், அவர் மகள் டெலியா, ஜாக், அவர் மகள் டிரானா, மேலும் மூவர். எவரும் அவர்கள் இசைவைக் கேட்கவில்லை. கேட்கவேண்டிய நிலையில் சட்டமும் அவர்களை வைத்திருக்கவில்லை. அடிமை முறையைத் தாம் ஆதரிக்கவில்லை என்று அகாசி கூறிக்கொண்டார். ஆயினும் அம்முறையைக் காத்தோர் அவருடைய பெயரைத் தம் கேடயமாக ஏந்தினர். உள்நாட்டுப் போரின்போது 1863-இல் விடுதலை பெற்றோர் நிலை பற்றி அரசின் ஆய்வுக்குழுவினர் வினவியபோதும், இரு நிறத்தாரும் கலந்து மணப்பதைத் தடுக்கவேண்டும் என்றே அவர் விடை வரைந்தார்.

1859-இல் டார்வினின் நூல் வெளிவந்தது முதல் இறுதிவரை அகாசி அதனை எதிர்த்தார். இறைநம்பிக்கையின் பெயரால் அவர் எதிர்த்தமையால், சமயப் பற்றுடையோர் சிலர் அவரைத் தம்மவராகக் கொண்டாடியதுண்டு. டார்வினின் கொள்கை பற்றிய வழக்கு வேறு. அதனை ஈண்டு விரிக்கவில்லை. ஆனால் மனிதகுலம் ஒரே மூலத்தது என்பதை டார்வின் ஏற்க, படைப்பாளனின் பெருமையைப் பேசிய அகாசி மறுத்தார் என்பதைக் காணாது விடலாகாது. மாந்தர் அனைவரும் ஆதம் (அலை) அவர்களின் மக்கள் என்பதும், நிறத்தாலும் இனத்தாலும் எவருக்கும் மேன்மையில்லை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் இறுதிப் பேருரையில் அறிவித்ததும் நம் இல்லங்களில் சிறார்களும் அறிந்தவை. கறுப்பின அடிமையாயிருந்த பிலால் (ரலி) அவர்களின் குரலே தொழுகைக்கு அழைத்த முதற்குரல். அந்நெறியில் நின்று நோக்குவோர்க்கு அகாசியின் பனிநூலும் மனிதநூலும் ஒரே தரத்தவை ஆகா. ஓர் அறிஞர் ஒரு துறையில் சரியாகக் கண்டதால் மறுதுறையில் அவர் கூற்றை அளவின்றி ஏற்றனர். கேடு அங்கேதான் பிறந்தது.

அப்படங்கள் 1976-இல் ஹார்வார்டு அருங்காட்சியகத்தின் மாடியறையில் கண்டெடுக்கப்பட்டன. எஞ்சியவை பதினைந்து தகடுகள். ரென்ட்டியின் வழித்தோன்றல் எனத் தம்மைக் கூறும் ஒரு பெண்மணி 2019-இல் வழக்குத் தொடுத்தார். 2025-இல் உடன்பாடு ஏற்பட்டு, அவற்றைத் தென் கரோலினாவிலுள்ள ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்திற்கு வழங்கப் பல்கலைக்கழகம் இசைந்தது. கேம்பிரிட்ஜ் நகரில் அகாசியின் பெயர் தாங்கிய பள்ளியொன்று, 2002-இல் மரியா பால்டுவின் பள்ளி எனப் பெயர் மாற்றம் பெற்றது. அவர் அப்பள்ளிக்கே நெடுங்காலம் தலைமை ஆசிரியராக விளங்கிய கறுப்பினப் பெண்மணி. நியூஷாத்தெல் நகரும் அகாசியின் பெயரிலிருந்த ஓர் இடத்துக்குப் பெயரை மாற்றிவிட்டது.

ஆசிரியர் அகாசி

ஆசிரியராக அவர் செய்ததும் கூறப்பட வேண்டும். 1859-இல் அவர் ஹார்வார்டில் நிறுவிய ஒப்பீட்டு விலங்கியல் அருங்காட்சியகம் இன்றும் இயங்குகிறது. புதிதாகச் சேரும் மாணவரிடம் நூல் எதனையும் கொடுக்கமாட்டார். சாராயத்தில் இட்ட மீனொன்றைத் தட்டில் வைத்து, கண்டதைச் சொல்லுமாறு கூறிவிட்டுப் போய்விடுவார். ஒரு மணியில் எல்லாம் கண்டுவிட்டதாகக் கருதும் மாணவர், நாள் மூன்று கடந்தும் புதியன கண்டுகொண்டே இருப்பார். சாமுவேல் ஸ்கடர் என்னும் மாணவர் தாம் இவ்வாறு பயின்றதைப் பிற்காலத்தில் சுவைபட எழுதி வைத்தார். இம்முறையில் பயின்றோர் அடுத்த தலைமுறையில் அமெரிக்கக் கல்லூரிகளெங்கும் பரவினர். அவர்களுள் பெரும்பாலோர் டார்வினின் கொள்கையை ஏற்றனர் என்பது, கண்டதை நம்பச் சொன்ன ஆசிரியருக்கு நேர்ந்த விளைவு!

வாழ்வின் இறுதிக் கோடையில், பள்ளி ஆசிரியர்களுக்குக் கடற்கரையிலேயே இயற்கை நூல் கற்பிக்க விழைந்தார். நான்டக்கட் தீவில் நடத்த எண்ணியிருந்தபோது, நியூயார்க் வணிகர் ஜான் ஆண்டர்சன் பெனிகீஸ் என்னும் தம் சிறு தீவையும் ஐம்பதாயிரம் டாலரையும் வழங்கினார். எழுபத்தைந்து ஏக்கர் அளவுள்ள அத்தீவு, எலிசபெத் தீவுத் தொகுதியில், பனியாறு குவித்த கல்லாலும் மண்ணாலும் ஆனது. 1873-ஆம் ஆண்டு ஜூலை மாதம், ஆட்டுக் கொட்டிலைத் தூய்மை செய்து வகுப்பறையாக்கி, ஏறத்தாழ ஐம்பது ஆசிரியர்களுடன் பள்ளி தொடங்கியது. மகளிரும் அவர்களுள் இடம்பெற்றமை அந்நாளில் அரிய செய்தி. தொடக்கத்தில் அனைவரும் எழுந்து நின்று மௌனமாக இறைவனை வேண்டுமாறு அகாசி பணித்தார். கவிஞர் விட்டியர் அக்காட்சியைப் பாடலாக்கினார். கரையிலிருந்த கல்லும் சிப்பியுமே பாடம். பின்னாளில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரான டேவிட் ஜோர்டான் அங்குப் பயின்றவருள் ஒருவர். அப்பல்கலைக்கழகக் கட்டடத்தில் நின்ற அகாசியின் சிலை, 1906-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் தலைகீழாக விழுந்து கல்தரையைத் துளைத்து நின்றது தனிக்கதை.

பெனிகீஸ் பள்ளி இரண்டு கோடைகளே நடந்தது. பின்னர் 1905 முதல் 1921 வரை அத்தீவு தொழுநோயாளர் மருத்துவமனையாக விளங்கியது. அகாசியோ முதற் கோடை முடிந்த சில மாதங்களில், 1873-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள் கேம்பிரிட்ஜில் காலமானார். மவுண்ட் ஆபர்ன் இடுகாட்டில் அடக்கம் செய்து, கல்தச்சரின் உளி படாத ஒரு கருங்கற் பாறையை அங்கு நிறுத்தினர். அது ஆர் பனியாற்றின் மொரைனிலிருந்து, அவருடைய பழைய குடில் இருந்த இடத்தருகே தேர்ந்தெடுத்துக் கடல் கடந்து அனுப்பப்பட்ட கல்.